தாயும் தந்தையும் கறுப்பு லாப்ரடார். குட்டிகளில் மூன்று மஞ்சள், ஒன்று சாக்லேட். இது நடக்குமா?

நொய்யல் (கோயம்புத்தூர்)

வணக்கம். எங்கள் வீட்டு லாப்ரடார் மைனாவுக்கு நான்கு வயது. நெஞ்சில் ஒரு ரூபாய்க் காசு அளவு வெள்ளைப் புள்ளியைத் தவிர உடல் முழுக்கக் கறுப்பு. சென்ற வெள்ளிக்கிழமை இரவு தொடங்கி விடியற்காலைக்குள் ஒன்பது குட்டிகள் ஈன்றாள். ஐந்து கறுப்பு, மூன்று வெளிர்மஞ்சள், ஒன்று சாக்லேட். எல்லாம் நன்றாகப் பால் குடிக்கின்றன.

சிக்கல் வேறு. இணை சேர்த்த கடுவனும் நல்ல கறுப்பு. அதன் சொந்தக்காரர் எங்கள் குடும்ப நண்பர். நான் மாமா என்றுதான் அழைப்பேன். பணம் எதுவும் வாங்கவில்லை. பங்குக்கு ஒரு குட்டி தருவதாகப் பேச்சு. மூன்றாம் நாள் குட்டிகளைப் பார்க்க வந்தார். பெட்டியை எட்டிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இவை என் நாயின் குட்டிகள் இல்லை. உங்கள் தெருவில் ஒரு செவலை நாய் சுற்றுகிறதே, அதைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு, அம்மா கொண்டுவந்த காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டார். அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மைனா பருவத்தில் இருந்தபோது ஒரு மாலை வாயிற்கதவு பத்து நிமிடம் திறந்து கிடந்தது. அவள் திண்ணையில்தான் படுத்திருந்தாள் என்று தங்கை சொல்கிறாள். எனக்கும் மனத்தில் ஒரு முள் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை (மதுரை)

தம்பி, வருத்தப்படாதீர்கள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளாக நாய் வளர்க்கிறேன். கறுப்புக்குக் கறுப்பு சேர்த்தால் கறுப்புதான் பிறந்து பார்த்திருக்கிறேன். மூன்று மஞ்சள் என்றால் ஏதோ கலந்திருக்கிறது. பத்து நிமிடம் போதும். பெரியவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆட்டுக்கொட்டில் (நாமக்கல்)

நான் கால்நடை மருத்துவர். வைகைக்கரை அண்ணன் தம் கண்ணால் கண்டதைச் சொல்கிறார். அதில் பொய் இல்லை. அவர் வளர்த்த கறுப்பு நாய்கள் தங்களுக்குள் வேறு நிறத்தை ஒளித்து வைத்திருக்காதவையாக இருந்திருக்கும். எல்லாக் கறுப்பு லாப்ரடார்களும் அப்படி இல்லை.

லாப்ரடாரின் நிறத்தை முதன்மையாக இரண்டு மரபணுக்கள் முடிவு செய்கின்றன. முதலாவது, கருநிறமி கறுப்பாக இருக்க வேண்டுமா பழுப்பாக இருக்க வேண்டுமா என்று தீர்மானிப்பது. கறுப்பு ஓங்கு பண்பு, பழுப்பு ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுப்புப் பிரதிகளும் சேர்ந்தால்தான் சாக்லேட் நாய் பிறக்கும். இரண்டாவது மரபணு, அந்தக் கருநிறமி மயிருக்குள் போகலாமா என்று தீர்மானிக்கும் வாயிற்காவலன். இதன் ஒடுங்கு வடிவம் இரண்டு பிரதிகளும் சேர்ந்தால் கதவு அடைபடும். உள்ளே கறுப்பு இருந்தாலும் பழுப்பு இருந்தாலும் மயிரில் அது ஏறாது. மஞ்சள் மட்டும்தான் தெரியும்.

ஆகவே ஒரு கறுப்பு நாய் பழுப்புக்கு ஒரு பிரதி, மஞ்சளுக்கு ஒரு பிரதி என இரண்டையும் சுமந்துகொண்டு, வெளியே மை போலக் கறுப்பாக இருக்க முடியும். அப்படிப்பட்ட இரு நாய்கள் சேர்ந்தால் 16 பங்கில் 9 கறுப்பு, 4 மஞ்சள், 3 சாக்லேட் என்பது கணக்கு. ஒன்பது குட்டிகளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள்: கறுப்பு ஐந்து, மஞ்சள் இரண்டு அல்லது மூன்று, சாக்லேட் ஒன்று அல்லது இரண்டு. உங்கள் பெட்டியில் இருப்பது 5, 3, 1. பாடப்புத்தகத்தில் வரைந்து காட்டுவதுபோல் அமைந்த ஈத்து இது.

இன்னொன்றையும் அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள். லாப்ரடாரின் கறுப்புக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு மரபணு உண்டு. ஏறக்குறைய இந்த இனம் முழுவதிலும் அது ஓங்கிய கறுப்பு வடிவத்தில்தான் இருக்கிறது. நம் தெருநாய்களின் செவலை நிறம் பெரும்பாலும் வேறொரு வழியில் வருவது. லாப்ரடார் மஞ்சளின் வழி அது இல்லை. மைனா ஒவ்வொரு குட்டிக்கும் அந்த ஓங்கிய கறுப்பில் ஒரு பிரதி தருவாள்; அது ஒன்றே போதும். ஆகவே அப்படிப்பட்ட செவலை நாய் மைனாவோடு சேர்ந்திருந்தால் குட்டிகள் செவலையாகப் பிறந்திருக்காது. பெரும்பாலும் கறுப்பாகப் பிறந்திருக்கும். காலிலோ கழுத்திலோ வெள்ளை தெரிந்திருக்கலாம். மஞ்சள் குட்டிகளைப் பார்த்துத்தான் அவர் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகத்துக்கு எதிரான சாட்சியே அந்த மூன்று குட்டிகள்தான்.

வைகைக்கரை (மதுரை)

டாக்டர், மூன்று முறை படித்தேன். செவலைக்கும் கறுப்புக்கும் கறுப்பே பிறக்கும் என்பது புதிதாக இருக்கிறது. ஆனால் ஒரே ஈத்தில் இரண்டு தந்தைகள் இருக்க முடியும் என்று நீங்களே முன்பு ஓர் இழையில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கறுப்புக் குட்டிகளில் சில அந்தச் செவலையின் குட்டிகளாக இருக்கலாம் அல்லவா?

ஆட்டுக்கொட்டில் (நாமக்கல்)

இருக்கலாம். நல்ல கேள்வி. பருவத்தில் இருக்கும் பெட்டை இரண்டு கடுவன்களோடு சேர்ந்தால் ஒரே ஈத்தில் இருவர் குட்டிகளும் பிறக்கும். நிறத்தை மட்டும் வைத்து அதை மறுக்க முடியாது. ஐயமே கூடாது என்றால் தாய், கடுவன், குட்டிகள் எல்லாவற்றின் கன்னத்தின் உட்புறத்திலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மஞ்சளுக்கும் சாக்லேட்டுக்கும் மட்டும் நான் துணிந்து சொல்வேன்: அவற்றின் தந்தை பழுப்பையும் மஞ்சளையும் மறைத்துச் சுமந்த நாய். லாப்ரடார்களில் அது அன்றாடம் காண்பது.

பனித்துளி (டொராண்டோ)

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. "மஞ்சள் என்றால் கலப்பு" என்ற எண்ணத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் வயது. இந்த இனத்தின் பிறப்பிலேயே அது இருக்கிறது.

பெயர் லாப்ரடார் என்றாலும் இந்த நாயின் மூதாதை நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் மீனவர்களிடம் இருந்த செயின்ட் ஜான்ஸ் நீர்நாய் என்ற வகை. (நம் ஆற்று நீர்நாய் இல்லை; தண்ணீரில் வேலை செய்யும் நாய்.) வலையிலிருந்து நழுவிய மீனைக் கவ்வி வரும்; கயிற்றைப் படகுக்கு இழுத்து வரும். உடல் கறுப்பு, நெஞ்சிலும் பாதத்திலும் வெள்ளை. மைனாவின் நெஞ்சில் இருக்கிறதே அந்தக் காசளவு புள்ளி, அது குறை இல்லை. இனத்தின் அளவுகோல்களே சிறு நெஞ்சுப் புள்ளியை ஏற்கின்றன. மீன் கப்பல்களில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்த அந்த நாய்களை மாம்ஸ்பரி பிரபுவும், பின்னர் ஸ்காட்லாந்தில் பக்லூ கோமகனும் வளர்த்துப் பெருக்கினார்கள். சுட்டு வீழ்த்திய பறவையைப் பல் படாமல் எடுத்து வருவதுதான் அங்கே வேலை. அவர்கள் விரும்பியது கறுப்பு மட்டுமே. மற்ற நிறக் குட்டிகளுக்குப் பல கொட்டில்களில் வாழ்வு கிடைக்கவில்லை.

பதிவேறிய முதல் மஞ்சள் லாப்ரடார் 1899இல் பிறந்த பென் ஆஃப் ஹைட். அதன் பெற்றோர் இருவரும் கறுப்பு! இங்கிலாந்துக் கென்னல் கிளப் லாப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது 1903இல்தான். இனத்துக்கு ஏற்பு கிடைக்கும் முன்பே இரண்டு கறுப்புகளுக்கு மஞ்சள் பிறந்துவிட்டது. உங்கள் மாமாவிடம் இந்த ஒரு வரியை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

நொய்யல் (கோயம்புத்தூர்)

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் எழுதியதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். 1899 கதையைக் கேட்டதும், "அப்போதும் யாராவது காப்பி குடிக்காமல் எழுந்து போயிருப்பார்களோ?" என்று கேட்டார். இன்று இரண்டு இட்லி சாப்பிட்டார்.

இப்போது குட்டிகளுக்கு 19 நாள். கண் திறந்துவிட்டன. மஞ்சள் குட்டிகள் மூன்றுக்கும் பிறந்தபோது மூக்கு இளஞ்சிவப்பாக இருந்தது. இரண்டுக்கு ஓரத்திலிருந்து கறுத்து வருகிறது. ஒன்றுக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. நோயா?

ஆட்டுக்கொட்டில் (நாமக்கல்)

நோய் இல்லை. மஞ்சள் குட்டிகளுக்குப் பிறக்கும்போது மூக்கு வெளுத்திருப்பதும் சில வாரங்களில் கறுப்பதும் இயல்பு. மூன்றாவது குட்டியின் கண் இமை விளிம்பையும் உதட்டையும் பாருங்கள். அவையும் கறுக்காமல் ஈரல் நிறத்தில் இருந்தால், அந்தக் குட்டி உள்ளுக்குள் சாக்லேட், வெளியே மஞ்சள். காவலன் மயிருக்குப் போகும் கதவைத்தான் அடைக்கிறான். மூக்கின் தோலுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே மஞ்சள் நாய் உள்ளே என்ன வைத்திருக்கிறது என்பதை மூக்கு சொல்லிவிடும். கறுப்பு மூக்கு என்றால் கறுப்பு. ஈரல் மூக்கு என்றால் பழுப்பு. இந்த மூக்குள்ள மஞ்சள் நாயை டட்லி என்பார்கள். கண்காட்சி வளையத்தில் மதிப்பெண் கிடைக்காது. உடல்நலத்துக்கு ஒரு குறையும் இல்லை.

16 பங்கில் நான்கு மஞ்சள் என்றேன் அல்லவா? அந்த நான்கில் ஒன்று இப்படி வரும்.

புதுவீடு (சென்னை)

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். லாப்ரடார் வாங்க அலைந்துகொண்டிருக்கிறேன். ஒருவர் "அரிய வெள்ளை லாப்ரடார்" என்கிறார். இன்னொருவர் "வெள்ளி நிறம், இந்தியாவில் சிலரிடம்தான் இருக்கிறது" என்று சொல்லி, கறுப்புக் குட்டியின் விலையைப்போல் மூன்று மடங்கு கேட்கிறார். என் மகள் வெள்ளியைப் பார்த்து மயங்கிவிட்டாள். வாங்கலாமா?

பனித்துளி (டொராண்டோ)

வேண்டாம் சகோதரி. வெள்ளை லாப்ரடார் என்று தனியாக ஒன்று இல்லை. அது மிக வெளிறிய மஞ்சள். பாலாடை நிறத்திலிருந்து நரியின் செம்மை வரை எல்லாம் மஞ்சள் என்ற ஒரே பெயருக்குள் அடங்கும். காது நுனியையும் முதுகையும் வெயிலில் பாருங்கள், மஞ்சள் தெரியும்.

வெள்ளி நிறத்தின் கதை நீளம். அது சாக்லேட்டின் மேல் இன்னொரு ஒடுங்கு மரபணு சேர்ந்து நிறத்தை நீர்க்கச் செய்வதால் வருவது. அதே மரபணு கறுப்பின் மேல் விழுந்தால் கரிச்சாம்பல், மஞ்சளின் மேல் விழுந்தால் ஷாம்பெயின் என்று பெயர் வைத்து விற்கிறார்கள். வைமரனர் என்ற சாம்பல் நிற இனத்திலிருந்து அது உள்ளே வந்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது. தொடக்கம் முதலே மறைந்து கிடந்தது என்று மறுதரப்பு வாதாடுகிறது. இங்கே வட அமெரிக்காவில் நண்பர்களையே பிரித்துவிட்ட வாதம் இது. அமெரிக்காவின் லாப்ரடார் சங்கம் அந்த நிறத்தை ஏற்பதில்லை. கறுப்பு, மஞ்சள், சாக்லேட் மூன்றுக்கு மேல் அளவுகோலில் இடமே இல்லை.

ஆட்டுக்கொட்டில் (நாமக்கல்)

மருத்துவப் பக்கத்தைச் சேர்க்கிறேன். நிறம் நீர்த்த நாய்களில் சிலவற்றுக்கு மயிர்க்கால்கள் நலிந்து, முதுகில் மயிர் கொட்டித் தோல் வறண்டு, அடிக்கடி சீழ்க் கொப்புளம் வரும் நோய் உண்டு. குட்டியாக இருக்கும்போது தெரியாது. பெரும்பாலும் வளரும் பருவத்தில்தான் தலைகாட்டும். முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை. மூன்று மடங்கு விலை கேட்பவர் இதைச் சொல்லமாட்டார். அந்த நாய்கள் செய்த பாவம் என்ன? ஒரு நிறத்துக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் இணை சேர்க்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு.

நிறத்தை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள். நல்ல லாப்ரடாருக்கு இரண்டு அடுக்கு மயிர் இருக்கும். மேலே குட்டையாக, சற்று முரடாக. விரலால் விலக்கினால் அடியில் மெத்தென்று நெருங்கிய அடிமயிர். வால் அடியில் பருத்து, நுனி நோக்கி ஒடுங்கி, குஞ்சம் இல்லாமல் ஆற்று நீர்நாயின் வால் போல் இருக்கும். நீந்தும்போது அதுதான் சுக்கான். விரல்களுக்கு இடையே தோல் விரிந்திருக்கும். மண்டை அகலம், கண்ணில் கனிவு. இங்கிலாந்து அளவுகோலில் கடுவனின் தோள் உயரம் 56 முதல் 57 செ.மீ., பெட்டை 55 முதல் 56. அமெரிக்க அளவுகோலில் கடுவன் 62 செ.மீ. வரை போகலாம், எடை 29 முதல் 36 கிலோ. 45 கிலோ லாப்ரடாரைக் காட்டிப் பெருமைப்படுபவர்கள் அந்த நாயின் இடுப்பு மூட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். குட்டியின் தாய் தந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

காப்பிக்கொட்டை (ஏற்காடு)

சாக்லேட் லாப்ரடாருக்கு ஆயுள் குறைவு என்று ஒருவர் என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னார். எங்கள் பிருந்தாவுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவள் தூங்கும்போது மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். டாக்டர், உண்மையா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

ஆட்டுக்கொட்டில் (நாமக்கல்)

மழுப்பவில்லை அம்மா. பிரிட்டனில் உள்ள லாப்ரடார்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. ஆய்ந்தவர்கள் லண்டன் ராயல் வெட்டர்னரி கல்லூரியையும் சிட்னி பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள். சாக்லேட் நாய்களின் இடைநிலை ஆயுள் 10.7 ஆண்டு, மற்ற நிறங்களுக்கு 12.1. காது அழற்சி கறுப்பில் 12.8 விழுக்காடு, மஞ்சளில் 17, சாக்லேட்டில் 23.4. ஈரப்புண்ணும் சாக்லேட்டில் கூடுதல்.

ஆனால் பழுப்பு நிறமி நாயைக் கொல்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. சாக்லேட் குட்டியே வேண்டும் என்றால் தாய் தந்தை இருவரிடமும் அந்த மரபணு இருக்க வேண்டும். அதனால் வளர்ப்போர் ஒரு சிறிய வட்டத்துக்குள்ளேயே இணை தேடுகிறார்கள். வட்டம் சுருங்கினால் வேறு நலிவுகளும் சேர்ந்து வரலாம் என்பதே ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். மேலும் அது ஒரு கூட்டத்தின் கணக்கு. பிருந்தாவின் ஆயுள் அந்த எண்ணில் எழுதப்படவில்லை. வாரம் ஒரு முறை காதை முகர்ந்து பாருங்கள்; புளித்த வாடை வந்தால் உடனே காட்டுங்கள். குளிப்பாட்டியபின் அடிமயிர் வரை உலர்த்துங்கள். ஏற்காட்டு ஈரத்துக்கு இது முக்கியம். எடை?

காப்பிக்கொட்டை (ஏற்காடு)

34 கிலோ. எப்போதும் பசி. சாப்பிட்ட தட்டை நக்கிவிட்டு மீண்டும் அடுப்படி வாசலில் வந்து நிற்பாள்.

ஆட்டுக்கொட்டில் (நாமக்கல்)

பெட்டைக்கு 34 கூடுதல். 25 முதல் 32க்குள் இருக்க வேண்டும். அந்தப் பசிக்கும் மரபணு உண்டு. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டது: லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியை அடக்கும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு இல்லை. அந்த நாய்க்கு வயிறு நிறைந்தது சரியாகத் தெரியாது. அடுப்படி வாசலில் நிற்பது பேராசை இல்லை. அவளுக்கு உண்மையிலேயே பசிக்கிறது. ஆகவே அளந்து வைக்க வேண்டியது நீங்கள். ஒரு கைப்பிடி குறைத்து, அந்த இடத்தில் வேகவைத்த பீன்ஸ், சுரைக்காய் போடுங்கள். மூச்சைக் கவனிப்பதைவிட இது அவளுக்கு அதிகம் உதவும்.

புதுவீடு (சென்னை)

மகளிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். வெள்ளியை விட்டுவிட்டோம். ஒரே ஒரு கேள்வி: சென்னை வெயிலுக்கு மயிரை மழித்துவிடலாமா?

வைகைக்கரை (மதுரை)

இதற்கு நான் பதில் சொல்கிறேன், டாக்டர் திருத்தட்டும். மழிக்காதீர்கள் அம்மா. என் முதல் நாய்க்குச் சித்திரையில் மழித்தேன். தோல் வெந்தது, மயிர் திட்டுத் திட்டாக முளைத்தது. அந்த இரண்டு அடுக்கு, குளிருக்கு மட்டுமில்லை, வெயில் தோலில் நேராகப் படாமலும் காக்கிறது. நாள்தோறும் சீவி உதிர்ந்த அடிமயிரை எடுத்துவிடுங்கள். விடியற்காலையில் நடக்கவிடுங்கள். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

ஆட்டுக்கொட்டில் (நாமக்கல்)

திருத்த ஒன்றுமில்லை அண்ணா.

நொய்யல் (கோயம்புத்தூர்)

குட்டிகளுக்கு 33 நாள். நடந்ததைச் சொல்ல வந்தேன்.

மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டத் தயார் என்று மாமாவுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. ஞாயிறன்று மாமி மட்டும் வந்தார். தரையில் உட்கார்ந்து குட்டிகளை மடியில் போட்டுக்கொண்டவர், அந்த மூன்றாவது மஞ்சளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மூக்கை நான் பார்த்திருக்கிறேனே" என்றார். அவர்கள் கடுவனைக் குட்டியாக வாங்கிய நாளில் எடுத்த படம் ஒன்று வீட்டில் இருக்கிறதாம். மாலையில் அதைக் கைபேசியில் எடுத்து அனுப்பினார். கறுப்புக் குட்டி ஒன்று மாமாவின் கையில். பின்னால் அதன் தாய் படுத்திருக்கிறது. மஞ்சள். மூக்கு ஈரல் நிறம். கண் விளிம்பும் அப்படியே, பெரிதாக்கிப் பார்த்தேன்.

டாக்டர், நான் புரிந்துகொண்டது சரியா?

ஆட்டுக்கொட்டில் (நாமக்கல்)

சரிதான்! கண் விளிம்பைப் பார்த்தது நல்லது. வயதாலும் குளிராலும் கறுப்பு மூக்குகூட வெளுக்கும். ஆனால் விளிம்பு கறுப்பாகவே இருக்கும். விளிம்பும் ஈரல் நிறம் என்றால் அந்தத் தாயிடம் இரண்டு பழுப்புப் பிரதி, இரண்டு மஞ்சள் பிரதி. அவள் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேறொன்றும் அவளிடம் கிடையாது. ஆகவே அவள் வயிற்றில் பிறந்த கறுப்புக் கடுவன் பழுப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று கட்டாயம் சுமக்கிறது. இதற்கு மரபணுச் சோதனை தேவையில்லை. மஞ்சளும் சாக்லேட்டும் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி தீர்ந்தது.

வைகைக்கரை (மதுரை)

தம்பி, முதலில் நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

நொய்யல் (கோயம்புத்தூர்)

சொன்னேன் அண்ணா.

மாமா நேற்று மாலை வந்தார். அந்தப் படத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. நேராகப் பெட்டியின் அருகே போய் உட்கார்ந்தார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார், குடித்தார். பெரிய கறுப்புக் கடுவனைத்தான் கேட்பார் என்று நினைத்தேன். ஈரல் மூக்கு மஞ்சளைக் கையில் எடுத்துக்கொண்டு, இதை எப்போது கொண்டுபோகலாம் என்று கேட்டார். இப்போதே தந்துவிடலாமா டாக்டர்?

ஆட்டுக்கொட்டில் (நாமக்கல்)

வேண்டாம். எட்டு வாரம் தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்கட்டும். கடிக்கும் அளவை அவை ஒன்றிடம் ஒன்று கற்பது இப்போதுதான். குடற்புழு மருந்து இதுவரை கொடுக்கவில்லை என்றால் நாளைக்கே கொடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. அதுவரை மாமா தினமும் மாலையில் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.